கற்பூர வாசனை எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஐயா,

கேரளத்தில் குளத்துப்புழையிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முடிவெட்டிப் பிழைத்தவர். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் கப்பலேறி, இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த சவரக்கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. வால் பக்கம் சோலிங்கன் என்று ஜெர்மனியின் கத்தி ஊர்ப் பெயர் பொறித்திருக்கிறது. பிடி தேன் நிறம், பார்க்க ஆமை ஓடு மாதிரி. ஆணிக்குப் பக்கத்தில் விரிசல். கத்தி லொடலொடவென்று ஆடுகிறது, மடக்கினால் ஒரு பக்கம் உரசுகிறது. சைக்கிள் போக்ஸ் கம்பியை வெட்டி ஆணியாக அடித்துப் பார்த்தேன், விரிசல் நீண்டதுதான் மிச்சம். பிடிக்குள் மறைகிற இடத்தில் மட்டும் துரு. பாட்டி பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்திருந்தார் போல, இன்னும் மணக்கிறது. தாத்தா கை பட்ட பிடி, அதைக் காப்பாற்ற வேண்டும். ஆணியை எப்படி அடிப்பது?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

பாட்டி மேல் பழி போட வேண்டாம். அந்தக் கற்பூரம் பிடிக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது செல்லுலாய்டு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்துச் செய்தது. தந்தம், ஆமை ஓடு மாதிரி சாயம் போட வசதி என்பதால் அந்தக் காலத்தில் சவரக்கத்திக்கும் சீப்புக்கும் இதைத்தான் நிறையப் போட்டார்கள். பழைய சினிமாச் சுருளும் இந்தச் சாதிதான்.

இதில் ஒரு கெட்ட குணம் உண்டு. வயதாக ஆக உள்ளுக்குள்ளேயே சிதைந்து ஆவி விடும். அந்த ஆவி ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அதனால்தான் உங்கள் கத்தியில் பிடிக்குள் மறைகிற இடத்தில் மட்டும் துரு. நீங்கள் காப்பாற்ற நினைக்கிற பிடி, கத்தியைத் தின்றுகொண்டிருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும், எனக்குக் கத்திதான் பெரிது.

நான் பட்டதைச் சொல்கிறேன். பெரியப்பாவின் கத்திகள் மூன்று என்னிடம் இருந்தன. இரண்டு எருமைக்கொம்புப் பிடி, ஒன்று செல்லுலாய்டு. செங்கோட்டைச் சாரலுக்குப் பயந்து மூன்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்கி மூடிவிட்டேன். இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறுகிற நெடி. செல்லுலாய்டு பிடி வெல்லப்பாகு உறைந்தது மாதிரி நொறுங்கிக் கிடக்கிறது. கொம்புப் பிடி போட்ட இரண்டிலும் செங்கல் நிறத்தில் துரு. காற்றோட்டமாக வைத்திருந்தால் அந்த இரண்டுமாவது பிழைத்திருக்கும்.

சரி, கழற்றுகிற வேலை. முதலில் கத்தியின் வாய்க்கு நாலு சுற்று டேப் ஒட்டுங்கள். ஆணித் தலையைச் சின்ன அரத்தால் ராவி எடுத்துவிட்டு, துளை போட்ட மரக்கட்டைமேல் வைத்து, 'பஞ்ச்' என்கிற மெல்லிய இரும்புக் குச்சியை வைத்து ஆணியைத் தட்டி வெளியே தள்ளுங்கள். டிரில் மெஷினைக் கொண்டுபோகாதீர்கள். செல்லுலாய்டு சூடானால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். விளக்கு, அடுப்புப் பக்கமும் வேண்டாம். துருவை எடுக்கிறேன் என்று சாணைச் சக்கரத்திலும் வைக்காதீர்கள், சூட்டில் கத்தியின் பதம் போய்விடும். பிடியைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு அட்டையில் வைத்து, ஆணித் துளை உட்பட வரைந்துகொள்ளுங்கள். புதிய பிடிக்கு அதுதான் அளவு.

பிடி என்பது இரண்டு பக்கமும் இரண்டு பட்டை. புதிய பட்டைக்கு எருமைக்கொம்பு நல்லது. கொம்பு வேலைக்காரர்கள் திருவனந்தபுரத்தில் இருக்கிறார்கள். மரம்தான் வேண்டுமென்றால் ஈட்டி. உங்கள் பக்கம் யாராவது 'பழைய வீட்டுத் தந்தம் இருக்கு' என்று நீட்டினால் கையால்கூடத் தொடாதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டம் வீட்டுக்கே வந்துவிடும். இரண்டு பட்டையையும் தற்காலிகமாகச் சேர்த்து ஒட்டி ஒரே மூச்சில் துளை போட்டால்தான் துளைகள் நேராக வரும்.

கத்தி ஒரு பக்கம் உரசுவதற்கு எல்லோரும் ஆணியைத்தான் திட்டுவார்கள். எதிர் முனையில் இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரு ஆப்பு இருக்கிறதே, அதைப் பாருங்கள். அதன் இரண்டு முகமும் ஒரே சரிவாக இல்லாவிட்டால் கத்தி ஒரு பக்கமாகத்தான் சாயும். ஈயம், கொம்பு எதில் வேண்டுமானாலும் செய்யலாம். ஆணி அடிப்பதற்கு முன் மெல்லிய போல்ட், நட்டு போட்டு முடுக்கி, மடக்கி மடக்கிப் பாருங்கள். கத்தி நடுவில் விழும்வரை ஆப்பைத் தேயுங்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போயிருக்கிறது.

ஆணிக்கு 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. போக்ஸ் கம்பி எஃகு, கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் தடிமன். அதன் தலை பரவ ஓங்கி அடிக்க வேண்டும், அந்த அடியைத்தான் உங்கள் பட்டை தாங்கவில்லை. தங்க வேலை செய்கிற ஆசாரியிடம் கொடுத்தால் பித்தளையைச் சுட்டு மென்மையாக்கிக் கொடுப்பார். ஆப்புப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டு, கத்தி சுழல்கிற அச்சாணிக்கு வாருங்கள். பட்டைமேல் போடுகிற வாஷருக்கு மேலே ஆணியின் தடிமனில் பாதி நீட்டிக்கொண்டிருந்தால் போதும். உருண்டை முகமுள்ள சின்னச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, கொசுவை அடிக்கிற பலத்தில்கூட வேண்டாம், பொட்டு வைக்கிற மாதிரித் தட்டுங்கள். பத்துத் தட்டுக்கு ஒரு முறை மறுபக்கம் திருப்புங்கள். தலை காளான் மாதிரி மெல்ல விரியும். இடையிடையே கத்தியைப் பாதி திறந்து பிடித்துப் பாருங்கள். தன் எடையில் விழாமல் நிற்கிறதா, அங்கேயே சுத்தியலைக் கீழே வையுங்கள். இன்னும் ஒரே ஒரு தட்டு என்று ஆசைப்பட்டுத்தான் நான் ஒரு கொம்புப் பட்டையைப் பிளந்தேன்.

அப்புறம், இதை உங்கள் முகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நண்பர்களுக்கு மழிக்க வேண்டாம். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதற்குப் பின்வந்த பயத்தில்தான் சலூன்களில் இந்தக் கத்தி போய் பாதி பிளேடு வந்தது. அந்தப் பயம் நியாயமானது.

பழைய பிடியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அடைத்து வைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும். நீங்கள் வரைந்த அந்த அட்டையை மாட்டுங்கள், தாத்தா பெயரை எழுதி. இங்கே நேற்றிலிருந்து சாரல் விழுகிறது, மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் அதிகமாக இருக்கும். புதுப் பிடி மெதுவாக வரட்டும், பழையதை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.