ஊசியைக் கடக்கும் படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனைச் சேர்ந்த ‘ஸ்கல்ப்சர்’ என்ற இருவர் இசைக்குழுவின் நிகழ்ச்சியில், சுழலும் தட்டின் மேல் படங்கள் உயிர்பெற்று அசைவதைக் காணொளியில் பார்த்தேன். அப்படியோர் இசைத்தட்டைக் கையால் செய்ய ஆசை. எந்த மென்பொருளில் வரைவது? அச்சிட எவ்வளவு ஆகும்? படம் அசைந்தாலே பார்ப்பவர் மயங்கிவிடுவார். அதற்கு எந்த ஒலியைப் போட்டால் என்ன?

கே., கோவை

அன்புள்ள கே.,

இரண்டு வாரமாக நானும் ஒரு தாள்வட்டத்தில் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பதால் உடனே எழுதுகிறேன். மென்பொருள் வேண்டாம், கோணமானி போதும். அச்சுச் செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒலியைப் போட்டால் என்ன என்று கேட்டீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஒலியைப் பொருட்படுத்தாதவர் இசைத்தட்டைத் தொடவே வேண்டாம்.

என் பத்து வயதில், அத்தை வீட்டில் நாகசுர எல்.பி. இசைத்தட்டு ஒன்றில் கீறல் விழுந்து ஊசி ஒரே சுற்றில் சிக்கிக்கொண்டது. அத்தான் அதைத் தூக்க ஓடிவந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பதினைந்து இருபது முறை திரும்பி வந்தபின் ராகம் மறைந்துபோய், வித்வான் மூச்சிழுக்கும் சத்தமும் தவிலின் ஒற்றைத் தட்டும் தனித்தனியே கேட்கத் தொடங்கின. லேபிளில் அத்தை மையால் எழுதியிருந்த தன் பெயரின் கடைசி எழுத்து, அந்தத் தவில் தட்டு விழும்போதெல்லாம் தவறாமல் ஜன்னல் பக்கம் வந்துபோனது.

சொன்னதையே சொல்பவரைக் கீறல் விழுந்த ரெக்கார்டு என்று ஏசுகிறோம். 1948-இல் பாரிஸ் வானொலியில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் அந்தக் கோளாறையே முறையாக்கி, இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தை மூடிய வட்டமாக வெட்டி, ஒரு துண்டு ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1832-இல், பெல்ஜியத்தில் இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ வட்டத் தட்டில் வரிசையாகப் படங்கள் வரைந்து, சுழலவிட்டு, பிளவுகளின் வழியே கண்ணாடியில் பார்த்தார், அவை அசைந்தன. அதுவும் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வட்டம்தான்.

இந்த இரண்டு வட்டங்களும் ஒரே தட்டில் அமைவதைத்தான் நீங்கள் கவனிக்கத் தவறிவிட்டீர்கள். நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் தட்டுக்கு ஒரு சுற்று 1.8 நொடி; மூடிய பள்ளத்தின் ஒலியும் அதே 1.8 நொடி. பிளாட்டோவின் பிளவுகள் செய்த வேலையை இங்கே கேமரா செய்கிறது; அதன் வழியே பார்த்தால்தான் படம் அசையும். நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) எடுக்கும் கேமரா ஒரு சுற்றுக்குள் 45 சட்டகங்களைப் பதிவுசெய்யும். ஆகவே 8 பாகைக்கு ஒன்றாக 45 படங்கள் வரைய வேண்டும். (30 சட்டகமென்றால் 54. ஷட்டர் வேகத்தைக் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் கலங்கித் தெரியும்.) இப்போது யோசியுங்கள்: தவிலின் தட்டு எந்தப் பாகையில் இருக்கிறதோ, அந்தப் பாகையில் வரைந்த படம்தான் அது ஒலிக்கும் கணத்தில் ஊசியைக் கடக்கும். அந்தப் படத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒலியைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வீர்கள்?

உங்கள் ஊரில் தறியோ, மாவு மில்லோ, எதுவானாலும் 1.8 நொடி பதிவுசெய்து நூறு முறை கேளுங்கள். எந்தச் சத்தம் எந்தப் பாகையில் விழுகிறது என்று ஒரு வட்டத்தில் குறித்து அந்தத் தாளை முதலில் எனக்கு அனுப்புங்கள், தம்பி. படங்கள் பின்னால் வரட்டும்.