மறுநாள் கால் ஏன் கனக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 43. ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். போன மாதத்திலிருந்து தினமும் ஓடுகிறேன். முதல் நாள் பறக்கிற மாதிரி இருக்கிறது. மறுநாள் மூச்சு வாங்குவதில்லை, கால்தான் வரமாட்டேன் என்கிறது. “விடாமல் ஓடு, பழகிவிடும்” என்கிறார் நண்பர். “முட்டி போய்விடும்” என்கிறார்கள் வீட்டில். யார் சொல்வதைக் கேட்பது? தினமும் ஓட இரண்டு ஜோடி ஷூ வேண்டுமா?

பதில்: முதலில் ஒரு கணக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து கிலோமீட்டர் என்றால் வாரத்துக்குப் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர் வரும். தினமும் என்றால் 35. நாள்தானே கூடியது என்று நினைத்திருப்பீர்கள். தூரம் இரு மடங்காகிவிட்டது. கால் முரண்டு பிடிப்பதில் ஆச்சரியமே இல்லை.

மூச்சு வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், ஏமாற்றுவதே அதுதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் ஓட்டத்துக்குப் பழகிக்கொள்ளும். தசைநாணும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் வராது, மாதக்கணக்கில் ஆகும். எலும்புக்குப் புதுச் சுமை வந்தால், உடல் முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் கரைக்கிறது, அப்புறம்தான் புதிதாகக் கட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் பலவீனமாகத்தான் இருக்கும். தினமும் ஓட ஆரம்பித்த பலருக்கு முதல் வாரம் ஒன்றும் ஆகாமல், சில வாரம் கழித்து வலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நானும் அடுத்தடுத்த நாள் ஓடுகிறவன்தான். எனக்கு மறுநாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் படி ஏறும்போது ஒன்றும் தெரியாது; இறங்கும்போது தொடையின் முன்பக்கம் பிடிக்கும். குதிகாலுக்கு மேலே இறுக்கமாக இருக்கும். ஓட ஆரம்பித்ததும் முதல் கிலோமீட்டர் பெரிய அவஸ்தை, யாரோ ஷூவுக்குள் மணலைக் கொட்டி வைத்த மாதிரி. பத்து நிமிடம் போனால் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும். விட்டால் மேலே ஓடுவேன். விடவில்லையா, திரும்பி நடந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

இரண்டாம் நாள் வாட்ச்சில் வேகம் காட்டும் பக்கத்தை மாற்றிவிட்டு, நேரம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வேன். வேகம் கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடியாது, நேற்றைய ஓட்டத்தோடு போட்டி போடத் தோன்றும். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். தனியாக ஓடும்போது வாய்விட்டு ஏதாவது பேசிப் பார்ப்பேன். எதிரில் வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

உங்கள் நண்பர் சொல்வதில் அவசரம் இருக்கிறது. வீட்டில் சொல்வதற்கும் பெரிய ஆதாரம் இல்லை: அளவாக ஓடுகிறவர்களுக்கு, உட்கார்ந்தே இருப்பவர்களைவிட மூட்டுத் தேய்மானம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டவில்லை.

பழைய பதினேழு, பதினெட்டு கிலோமீட்டரையே முதலில் ஐந்து நாளாகப் பிரித்து ஓடுங்கள். இரண்டு நாள் ஐந்து, மற்ற மூன்று நாள் மெதுவாக இரண்டரை என்று மாற்றி மாற்றிப் போகலாம். மூன்று, நான்கு வாரம் கால் ஒத்துக்கொண்டால் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். வேகமாக ஓடிய நாளுக்கு மறுநாள் கால் நன்றாக இருக்கிறதே என்று அன்றும் வேகம் பிடிக்காதீர்கள். தசைவலி பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்கு வரும்.

கால் முழுக்கப் பரவலாக வலித்தால் பயப்பட வேண்டாம். முட்டிக்குக் கீழே முன்பக்க எலும்பில், ஒற்றை விரலால் “இதோ இங்கே” என்று தொட்டுக் காட்டுகிற மாதிரி வலித்தால், அதுவும் ஓட ஓடக் கூடிக்கொண்டே போனால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம்.

ஒருநாள்கூட விடாமல் ஓடியவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். பிரிட்டனின் ரான் ஹில் இருந்தாரே! 1970-இல் பாஸ்டன் மாரத்தானை வென்றவர். 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை ஐம்பத்திரண்டு வருடம் தினமும் ஓடினார். ஆனால் அவர் கணக்கில் ஒரு மைல் ஓடினாலே அந்த நாள் சேர்த்திதான். 2017-இல் ஓடும்போது நெஞ்சில் வலி வந்ததும் நிறுத்திக்கொண்டார். அவரை நினைத்தால் எனக்குப் பிரமிப்புதான், பின்பற்றும் ஆசை இல்லை. வாரத்தில் ஒருநாள் நான் ஷூவைத் தொடுவதே இல்லை.

ஷூ விஷயம்: இரண்டு ஜோடி கட்டாயம் இல்லை. இருந்தால் மாற்றி மாற்றிப் போடுங்கள், வியர்வை ஈரம் காய்வதற்கு ஒருநாள் கிடைக்கும். ஒரே ஜோடிதான் என்றால், ஓடி வந்ததும் உள்ளே இருக்கும் அட்டையை உருவி வெளியே வைத்துவிடுங்கள்.