பத்து சதவீதம், ஆனால் எதில்?

கேள்வி: 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததே, அப்படியானால் 40,000 ரூபாய் ஏ.சி.யில் 4,000 குறைய வேண்டாமா? கடையில் 3,125 ரூபாய்தான் குறைத்தார்கள். மீதி 875 ரூபாய் எங்கே?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கடைக்காரர் சரியாகத்தான் குறைத்திருக்கிறார். வரி போடுவது நீங்கள் கொடுக்கிற 40,000 மேல் இல்லை, வரிக்கு முந்தைய விலை மேல். சரி, அந்த விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். 40,000-ல் 28 சதவீதத்தைக் கழித்தால் 28,800 வரும், ஆனால் அதன் மேல் மறுபடி 28 சதவீதம் போட்டுப் பாருங்கள், 36,864 தான் வரும், 40,000 வராது. கழிக்கக் கூடாது, 1.28-ஆல் வகுக்க வேண்டும். 31,250 வரும். அதற்குப் பழைய வரி 8,750, புது வரி 5,625. வித்தியாசம் 3,125, அதாவது நீங்கள் கொடுத்திருக்க வேண்டிய 40,000-ல் கிட்டத்தட்ட 7.8 சதவீதம்.

ஷாம்பு, பற்பசைக்கு வரி 18-லிருந்து 5 ஆனதும் இதே கதைதான், 118 ரூபாய் பொருள் 105-க்கு வரும், குறைவு 13 சதவீதம் இல்லை, 11. சந்தேகம் வந்தால் பில்லை எடுத்துப் பாருங்கள், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று வரி பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கும், அதற்கு மேலே இருக்கும் தொகைதான் கணக்கின் அடிப்படை.

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் '50 + 20 சதவீதம்' என்றார்கள். மொத்தம் 70 தானே?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை, 60. 2,000 ரூபாய் சேலை முதலில் 1,000 ஆகிறது, அப்புறம் வரும் 20 சதவீதம் அந்த ஆயிரத்தில்தான், வெறும் 200. நீங்கள் கட்டுவது 800.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1,000 ரூபாய் துணியை 25 சதவீதம் ஏற்றி 1,250 என்று சீட்டு ஒட்டிவிட்டு 20 சதவீதம் தள்ளுபடி என்றால், கழிவது 250, விலை மறுபடி அதே 1,000. ஏற்றியது ஆயிரத்தில், இறக்கியது ஆயிரத்து இருநூற்று ஐம்பதில், அதனால் சின்ன சதவீதமே போதுமாகிவிடுகிறது. எல்லாக் கடையும் இப்படிச் செய்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் வாங்க நினைக்கும் துணியின் விலையை ஆனியிலேயே ஒருமுறை விசாரித்து வையுங்கள்.