பழைய கைக்கடிகாரம் சேகரிக்க ஆசை. வாங்குவது அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டயலில் இருக்கும் பெயரைக் கடைசியாகப் பாருங்கள். பழைய கடிகாரத்தில் ஏமாற்ற எளிதான இடம் அதுதான். மங்கிப்போன டயலுக்குப் புதிதாக வண்ணம் பூசி, பெயரை மறுபடி அச்சடித்து விற்பது சாதாரணமாக நடக்கிற வேலை. ஐம்பது வயதுக் கடிகாரத்தின் டயல் நேற்றுச் செய்ததுபோல் பளபளத்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராகச் சேர்கின்றனவா? எழுத்தின் ஓரம் மை கசிந்ததுபோல் தடித்திருக்கிறதா? ஆறு மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்துகளையும் விடாதீர்கள். வண்ணம் பூசுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

அந்தப் பொடி எழுத்து காலத்தையும் சொல்லும். சுவிஸ் கடிகாரங்களில் 'சுவிஸ்' என்பதை ஒட்டி ஆங்கில 'டி' இருந்தால், இருட்டில் ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். 1960களில் இன்னொரு கதிரியக்கப் பொருளான ரேடியத்தின் இடத்தைப் பிடித்து, 1990களின் இறுதிவரை இருந்தது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 ஆண்டுதான். ஆகவே 1970ஐச் சேர்ந்த டயல் இன்றும் இரவெல்லாம் ஒளிர்ந்தால் யாரோ புதுப்பூச்சு போட்டிருக்கிறார்கள். டயலில் பூச்சு பழுப்பேறியும் முள்ளில் வெள்ளையாகவும் இருந்தால், முள் மாற்றியது அல்லது பூச்சு புதிது. ரேடியம் டயல் கிடைத்தால் மட்டும் சுரண்டிப் பார்க்காதீர்கள். ஒளி போனது, அதோடு கலந்த துத்தநாக சல்பைடு கெட்டுப்போனதால்தான். கதிர்வீச்சு அப்படியே இருக்கும், தூள் மூச்சோடு உள்ளே போனால் ஆபத்து.

அப்புறம் பின்மூடி. பழக்கமில்லாவிட்டால் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். பல மெஷின்களில் முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் செய்தவரின் முத்திரையும் எண்ணும் பொடியாக இருக்கும். மெஷினில் வேறு பெயர் இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது, ஏ. ஷில்ட், ஈட்டா போன்றோரிடம் மெஷின் வாங்கிப் பொருத்திய நிறுவனங்கள் ஏராளம். ஆனால் ஒமேகா தன் மெஷினில் பெயர் பொறிக்கும். டயலில் ஒமேகா, உள்ளே பெயரே இல்லை என்றால் வேண்டாம்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஜப்பானின் சீகோ. திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நான்கு இலக்கம் இருக்கும்: முன்னது மெஷினின் வகை, பின்னது கேஸின் (வெளிக்கூட்டின்) வகை. அதே மூடியில் தனியாக இருக்கும் வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. 6139 மெஷின் 1969இல் வந்து 70களோடு நின்றுபோனது. அதனால் அதில் '3என்' என்று தொடங்கினால் 1973 நவம்பர்தான். 7009 போல நீண்ட காலம் வந்த மெஷினில் 8 என்பது 1978ஆகவும் இருக்கலாம், 1988ஆகவும் இருக்கலாம்.

கேஸைப் பற்றி ஒன்றே ஒன்று: 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் போட்டிருந்தால் பின்மூடி மட்டுமே எஃகு. மேல்பாகம் பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளையாக இருக்கும்.

இணையத்தில் வாங்குவதானால் மெஷினின் படத்தைக் கேளுங்கள். தரத் தயங்கினால் நான் அடுத்த கடிகாரத்தைப் பார்க்கப் போய்விடுவேன்.