தலை கறங்கினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

கே: வலப்பக்கம் புரண்டுபடுத்தால் வீடே கறங்குகிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டும் குறையவில்லை. (தக்கலை)

ப: நடுவயதைத் தாண்டிய பலருடைய எக்ஸ்ரேயிலும் தேய்மானம் இருக்கும், அதன்மேல் பழி போடுவது எளிது. புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறதென்றால், உள்காதின் கால்சியம் துகள்கள் இடம்மாறி அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இதற்கு ஸ்கேன் வேண்டாம், டிக்ஸ்-ஹால்பைக் சோதனை போதும். தலையை 45 பாகை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, கட்டில் விளிம்புக்கு வெளியே 20 பாகை தொங்கவிட்டுக் கண்ணைப் பார்ப்பார்கள். சில நொடி கழித்துக் கருவிழி சுழன்று துடித்தால் கீழே இருக்கும் காதில்தான் கோளாறு. தலைசுற்றல் மாத்திரை போட்டுக்கொண்டு போனால் இந்தத் துடிப்பு மங்கிவிடும்.

அங்கிருந்தே, துகள்களைப் பழைய இடத்துக்குத் திருப்பும் எப்ளி முறையைத் தொடரலாம்: தலையை இடப்பக்கம் 90 பாகை திருப்பி, பிறகு உடம்போடு புரட்டி முகம் தரையைப் பார்க்கவைத்து, கடைசியாக எழுப்பி உட்காரவைப்பது. ஒவ்வொரு நிலையிலும் 30 முதல் 60 நொடி. வீடியோ பார்த்துச் செய்பவர்கள் எந்தக் காது என்று தெரியாமல் தொடங்குகிறார்கள். அல்லது பயந்து பாதியில் எழுந்துவிடுகிறார்கள்.

கே: மணிக்கணக்கில் சுற்றுகிறது. இடக்காது அடைத்து இரைகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. கருவாட்டை விடணுமா? (குளச்சல்)

ப: மெனியர் என்ற உள்காது நோயாக இருக்கலாம். அதை உறுதி செய்ய, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் நீளும் சுற்றல் இரண்டு தடவையாவது வந்திருக்க வேண்டும். ஆடியோகிராமில் (கேட்கும் திறனை அளக்கும் சோதனையில்) தாழ்ந்த ஒலிகள் கேட்காதது பதிவாக வேண்டும். காது அடைத்திருக்கும்போதே ஆடியோகிராம் எடுங்கள். தெளிந்தபின் எடுத்தால் ‘நார்மல்’ என்று வந்து எல்லோரையும் ஏமாற்றும். உப்பைக் குறைப்பதற்கு வலுவான சான்று இல்லை; குறைத்துப் பார்ப்பதில் நட்டமும் இல்லை. ஆனால் அடங்கும்வரை கடலுக்குப் போகாதீர்கள், தென்னை ஏறாதீர்கள்.

கே: காலையில் எழுந்ததும் ஒரு காது கேட்கவில்லை. அழுக்கென்று எண்ணெய் விட்டிருக்கிறேன். (மார்த்தாண்டம்)

ப: எண்ணெயை நிறுத்துங்கள். வாயை மூடி ‘ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். கேளாத காதில் ஓங்கி ஒலித்தால் அநேகமாக அடைப்பு. நல்ல காதுக்கு ஒலி போனால் நரம்பு பாதிப்பு. காது டாக்டர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். எதுவானாலும் இன்றே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து இ.என்.டி. டாக்டரிடமோ போங்கள். நரம்பு பாதிப்பென்றால் ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது முக்கியம். சர்க்கரை இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கே: சுற்றலோடு அப்பாவுக்கு நாக்கும் குழறுகிறது. (நாகர்கோவில்)

ப: காதைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், பக்கவாதமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள்.