நின்றுபோன பைஸ்டி 3000 சிம்பலுக்கு மாற்று என்ன?

கடலோரத் தங்கச்சிமடத்தில் கோயில் பாடகர் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்கும் வாசகர் கேட்கிறார்: "எங்களிடம் பைஸ்டி கம்பெனியின் 16 இஞ்ச் 3000 கிராஷ் சிம்பல் (ஓங்கி அடிக்கிற உலோகத் தட்டு) இருக்கிறது. விளிம்பில் விரிசல் விட்டிருக்கிறது, பச்சையும் பிடிக்கிறது. அதே மாடல் கிடைக்குமா?"

புதிதாகக் கிடைக்காது. 1980களில் வந்த அந்த வரிசையை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. பழையது தேடலாம்தான், ஆனால் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பினால் இன்னொரு விரிசலை விலைக்கு வாங்கியதாகிவிடும்.

பெயரை விட்டுவிட்டு உலோகத்தைப் பாருங்கள். 3000 சிம்பல், 92 சதவீதம் செம்பும் 8 சதவீதம் வெள்ளீயமும் கலந்த வெண்கலத் தகட்டில் ஆனது. அதே கம்பெனியின் '2002' என்ற பெயருள்ள வரிசையும் அதே கலவைதான். 1971இல் வந்தது, இன்றும் கடையில் கிடைக்கிறது. ஸில்ஜியன் கம்பெனியின் ஏ வரிசை போன்றவற்றில் வெள்ளீயம் 20 சதவீதம். நல்ல சிம்பல்தான், ஆனால் உங்கள் செட்டில் அது மட்டும் தனியாகக் கேட்கும். எடையும் முக்கியம். பழையதை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, கிராமைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதே 16 இஞ்ச்தான் என்றாலும் கனம் கூடினால் சுருதி ஏறிவிடும்.

அதுவரை இருப்பதைக் காப்பாற்றலாம். விரிசல் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போகிறதென்றால், அதன் நுனியைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளி 3 மில்லிமீட்டர் துளை போட்டு, ஓரத்தை அரத்தால் மழுக்கச் சொல்லுங்கள். போட் இன்ஜின் பார்க்கும் பட்டறையிலேயே முடியும். வெல்டிங் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் தகட்டின் பதம் போய், ஒலியும் செத்துவிடும். சிம்பலின் மேலுள்ள வட்டக் கோட்டோடு ஓடும் விரிசல் என்றால் துளை போட்டாலும் பெரும்பாலும் நிற்பதில்லை.

விரிசலுக்கு உப்புக்காற்றின் மேல் பழி போடாதீர்கள். ஸ்டாண்டில் மேலே இருக்கும் விங் நட்டை இறுக்கி, சிம்பலை ஆடவிடாமல் அடிப்பதுதான் வழக்கமான காரணம். நடுத்துளையில் நைலான் குழாய் தேய்ந்திருந்தால் பெட்ரோல் டியூப் ஒரு துண்டு வெட்டிப் போடலாம்.

பச்சைதான் உப்பின் வேலை. குத்துவிளக்குக்குப் போடுகிற புளியைப் போட்டால் பளபளக்கும், கூடவே லோகோவும் அழியும். பூசை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். அப்புறம் பருத்தி உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.