காய்ச்சலில் சாப்பிட முடியாவிட்டால் இன்சுலினை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் இரவில் ஒரு வேளை இன்சுலினும் எடுக்கிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.6 சதவீதம். என் தங்கை கொரோனா வந்து ஐந்தே நாளில் எழுந்துவிட்டாள். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு எளிதில் தொற்றும், வந்தால் பிழைப்பது கஷ்டம் என்கிறார்கள். உண்மையா? காய்ச்சலில் சாப்பிட முடியாவிட்டால் இன்சுலினை நிறுத்திவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். உயிர் ஆபத்து அதில்தான் இருக்கிறது. இன்சுலினை நீங்களாக நிறுத்தக் கூடாது.

"சாப்பிடவே இல்லையே, சர்க்கரை எப்படி ஏறும்?" என்று நோயாளிகள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான சந்தேகம்தான். ஆனால் சர்க்கரை சாப்பாட்டிலிருந்து மட்டும் வருவதில்லை, கல்லீரலும் அதைத் தயாரிக்கிறது. தொற்று வந்ததும் உடல் கார்ட்டிசோல், அட்ரினலின் போன்ற ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கும். அவை கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையைக் கொட்டச் செய்யும், இன்சுலின் வேலை செய்வதையும் தடுக்கும். அதனால் பட்டினி கிடக்கும் நாளிலும் அளவு 300ஐத் தாண்டலாம். அந்த நேரத்தில் இன்சுலினும் இல்லாவிட்டால், உடல் கொழுப்பை எரித்து கீட்டோன் என்ற அமிலப் பொருளை உண்டாக்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று அது தொடங்கும். கொரோனா மூச்சுத்திணறல் என்று நினைத்து அதைக் கவனிக்காமல் விடுகிற அபாயமும் உண்டு. இன்சுலின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கலாம். அதை உங்கள் மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்டுச் செய்யுங்கள்.

மெட்ஃபார்மின் கதை வேறு. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடலில் நீர் வற்றினால் அதைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வோம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகளை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலே கீட்டோன் கூடிவிடலாம்.

சரி, தொற்று எளிதில் வருமா? சர்க்கரை நோய் இருப்பதாலேயே வைரஸ் உங்களைத் தேடி வராது. வந்தபின் உடல் அதோடு போராடும் விதத்தில்தான் வித்தியாசம். ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். ரத்தக் குழாய்களில் ஏற்கெனவே லேசான அழற்சி இருக்கும், ரத்தம் உறையும் தன்மையும் கூடியிருக்கும். கொரோனாவும் இதே இரண்டையும் கிளப்பிவிடுவதால் நுரையீரலும் இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து அடி வாங்குகின்றன. 2020இல், முதல் அலையில், இங்கிலாந்து மருத்துவமனைகளில் கொரோனாவால் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தடுப்பூசி வருவதற்கு முந்தைய கணக்கு அது. அதே ஆண்டு சீனாவின் ஹூபேய் மாகாணத்தில் செய்த ஆய்வில், சிகிச்சையின்போது சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் இருந்தவர்களிடையே இறப்பு மிகக் குறைவாக இருந்தது. எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். வயதை நாம் மாற்ற முடியாது, சர்க்கரையை மாற்றலாம். உங்கள் 8.6ஐ இப்போதே, நலமாக இருக்கும்போதே, குறைக்கத் தொடங்குங்கள். தடுப்பூசி பாக்கி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

தொற்று வந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள், இரவில் ஒருமுறையாவது எழுந்து பாருங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை விரலில் ஆக்சிமீட்டர் வைத்துப் பாருங்கள். அதில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினாலோ, சர்க்கரை 250க்கு மேலேயே நின்றாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, குழப்பமாகப் பேசினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அப்புறம், ஸ்டீராய்டு. ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும் மருந்து. லேசான காய்ச்சலுக்கு நீங்களே வாங்கிப் போட்டுக்கொண்டால் நன்மை இல்லை, சர்க்கரைதான் எகிறும். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேரும்போதுதான் கருப்புப் பூஞ்சைத் தொற்றுக்கு வழி கிடைக்கிறது. முகத்தில் ஒரு பக்கம் வலி, வீக்கம், மூக்கில் கருப்பாகக் கசிவு, பார்வை இரட்டையாகத் தெரிவது இவற்றில் எது இருந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். மருத்துவமனையில் ஸ்டீராய்டு கொடுத்தால் இன்சுலின் அளவைக் கூட்டுவார்கள். வீடு திரும்பி ஸ்டீராய்டு நின்றபின் அந்தக் கூடுதல் அளவையே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே, எப்போது எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.